போறணையும் ஓய்வுநாளும்

1815ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள நியூபெரிபோட் துறைமுகத்திலிருந்து 'டிறையட்' என்னும் கப்பல் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அது கொழும்பை அடைந்தது. பூவர், மெய்க்ஸ், றிச்சாட்ஸ், வாறன் என யாழ்ப்பாணத்தார் பின்னர் நன்கறிந்த அமெரிக்க மிஷனரிமார் அக்கப்பலிலேயே வந்தனர். 1816 ஒக்ரோபரில் பூவர் தெல்லிப்பழையில் குடியேறினார். வட்டுக்கோட்டைச் செமினரியும், உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும், 1841இல் 'உதயதாரகை'ப் பத்திரிகையும் அந்த மிஷனின் வழியாகவே தோன்றின. இவை பற்றிப் பலரும் பேசியும் எழுதியும் உள்ளனர். அவர்கள் தங்களுடன் கொண்டுவந்த மற்றொன்றைப் பற்றிய பேச்சு குறைவு. அதுவே அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை.

அவர்களுக்கு அந்நாள் கோயிலுக்குப் போய் வரும் நாள் மட்டுமன்று. காலை முதல் மாலை வரை வீட்டின் நடையையும் உணவையும் பேச்சையும் ஆளும் நாள் அது. அத்தகைய நாள் நீதிமன்றச் சட்டத்தினாலோ குருமாரின் பிரசங்கத்தினாலோ மட்டும் உருவாகிவிடவில்லை. அது முந்திய நாளிலே, அடுக்களையிலே, செங்கற் போறணை ஒன்றின் வெப்பத்திலே உருவாயிற்று. பூவர் பிறந்த மசச்சூசெற்ஸ் நாட்டின் சனிக்கிழமையை அறியாதவருக்கு அந்நாட்டின் ஞாயிறும் விளங்காது.

ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது மோசேயின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. தமிழ் வேதாகமம் அந்நாளை 'ஓய்வுநாள்' என்ற அழகிய சொல்லாற் குறிக்கின்றது. அக்கட்டளை பிறப்பதற்கு முன்னரே, வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மன்னாவைப் பொறுக்கி உண்ட கதையில், இதற்கான அடுக்களை விதி வந்துவிடுகின்றது. ஆறாம் நாளில் இரட்டிப்பாகப் பொறுக்கி, சுடவேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து, மறுநாளுக்கு எடுத்து வைக்கும்படி மோசே அவர்களுக்குச் சொல்கிறார். ஓய்வுக்கு முதல்நாளின் உழைப்பு இரட்டிப்பு என்பதை அக்கதை மறைக்கவில்லை.

கட்டளையிலே வேறொரு நுட்பமும் உண்டு. நீயும், உன் மகனும், மகளும், வேலைக்காரனும், வேலைக்காரியும், மிருகசீவனும், உன் வாசல்களுக்குள் இருக்கும் அந்நியனும் வேலை செய்யலாகாது என்று அது விரித்துரைக்கின்றது. மாட்டைக் கூட மறவாத அப்பட்டியலில் மனைவி என்ற சொல் மட்டும் இல்லை. 'நீ' என்பதற்குள் அவளும் அடங்குவாள் என்று உரைகாரர் கூறுவர். அடங்கினாளா என்பதை அடுக்களையே சொல்ல வேண்டும்.

கிறிஸ்தவர் யூதரின் ஏழாம் நாளை விட்டு, கிறிஸ்து உயிர்த்தெழுந்த வாரத்தின் முதல் நாளை வழிபாட்டு நாளாகக் கொண்டனர். 321ஆம் ஆண்டில் உரோமச் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன், நீதிபதிகளும் நகரத்தாரும் கைத்தொழிலாளரும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க வேண்டுமெனக் கட்டளையிட்டார். பருவம் தவறினால் விளைவு கெடும் என்பதால் உழவருக்கு மட்டும் விலக்களித்தார். இடைக்கால ஐரோப்பாவில் ஞாயிறு பூசை காணும் நாளாகவும், பூசை முடிந்ததும் ஆடிப்பாடும் நாளாகவும் கழிந்தது.

இங்கிலாந்தில், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், பியூரிட்டன் என்னும் தூய்மைவாதிகள் இந்தக் கலப்பை வெறுத்தனர். 1595இல் நிக்கொலஸ் பௌண்ட் என்னும் குருவானவர் ஓய்வுநாட் கோட்பாட்டைப் பற்றி வெளியிட்ட நூல், முழுநாளும் தேவனுக்கே உரியது என்ற கொள்கையை வலுவாக எடுத்துரைத்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னன் 1618இல் இதற்கு மறுமொழிபோல் ஒரு பிரகடனம் விடுத்தான். ஞாயிறு வழிபாட்டின்பின் நடனம், வில்வித்தை, தாவுதல் முதலியவற்றைத் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். வாரம் முழுவதும் உழைக்கும் எளிய மக்கள் அந்நாளிலும் விளையாடக் கூடாதெனில் வேறெப்போது விளையாடுவர் என்ற மன்னனின் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. 1633இல் அவன் மகன் சார்ள்ஸ் அதனை மீண்டும் வெளியிட்டு, கோயில்களில் வாசிக்குமாறு பணித்தான். வாசிக்க மறுத்த குருமார் பலர் பதவி இழந்தனர். பியூரிட்டன் குடும்பங்கள் பல அட்லாந்திக் கடலைக் கடந்து மசச்சூசெற்ஸ் சென்ற காலமும் அதுவே.

அக்கரையிலே ஓய்வுநாளின் கண்டிப்பு அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. 1620 டிசெம்பரில், 'மேபிளவர்' கப்பலில் வந்தவர்களுட் சிலர் குடியேற இடந்தேடிச் சிறு படகொன்றில் புறப்பட்டனர். புயல் படகின் பாய்மரத்தை முறித்தது. இருளில் ஒரு தீவிலே ஒதுங்கினர். சனிக்கிழமை உடைகளை உலர்த்தினர். குளிர் முற்றிக்கொண்டிருந்தது, கப்பலிலே மனைவி மக்கள் காத்திருந்தனர், உணவோ குறைவு. ஒவ்வொரு மணி நேரமும் உயிரின் விலை பெற்ற வேளை அது. ஆயினும் மறுநாள் ஞாயிறு என்பதனால் அவர்கள் அசையவில்லை. திங்கட்கிழமையே பிளிமத் கரையில் இறங்கினர்.

இந்த நியூ இங்கிலாந்து மக்கள் நாளைக் கணக்கிட்ட முறையும் கவனிக்கத்தக்கது. ஆதியாகமத்தில் மாலையும் விடியற்காலமும் சேர்ந்தே ஒரு நாள் என வருவதால், சனிக்கிழமை பொழுது சாய்ந்தவுடன் ஓய்வுநாள் பிறந்துவிட்டது என்று பெரும்பாலோர் கொண்டனர். அது ஞாயிறு மாலை கதிரவன் மறையும் வரை நீடித்தது. அதற்குள் கூலிவேலையும் வணிகமும் பயணமும் விளையாட்டும் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தன. தாய் தன் பிள்ளையை அந்நாளில் முத்தமிடலாகாது, படுக்கையைத் தட்டிப் போடலாகாது, சமைக்கலாகாது என்றெல்லாம் கொனெக்ரிக்கட் மாநிலத்தில் சட்டம் இருந்ததாகப் பிற்காலத்தில் ஒரு பேச்சு பரவியது. இது 1781இல் சாமுவேல் பீற்றர்ஸ் என்பவர் இலண்டனில் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. புரட்சிக் காலத்தில் தம் ஊராரால் விரட்டப்பட்டு ஓடியவர் அவர். அந்த ஊராரைப் பற்றி அவர் எழுதியதை வரலாற்றாசிரியர் சட்டநூலாகக் கொள்வதில்லை. சமைக்காதே என்று தனியொரு சட்டம் வேண்டியிருக்கவும் இல்லை. வீட்டு வழக்கமே அதைச் செய்தது.

அந்த வழக்கத்தின் நடுநாயகம் போறணை. பெரிய அடுப்பங்கரையின் புகைபோக்கியோடு சேர்த்துச் செங்கல்லால் கட்டிய, வளைந்த கூரையுடைய சிறு குகை அது. சனிக்கிழமை அதிகாலையிலே அதனுள் உலர்ந்த விறகை அடுக்கித் தீமூட்டுவர். நெருப்பு ஒன்றிரண்டு மணி நேரம் எரிந்து செங்கல்லெல்லாம் வெப்பத்தைக் குடித்ததும், தணலை வாரி வெளியே தள்ளிச் சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டிவிடுவர். அக்காலத்தில் அடுக்களையில் வெப்பமானி இல்லை. வீட்டுக்காரி தன் வெறுங்கையைப் போறணைக்குள் நீட்டி, பொறுக்க முடியும்வரை ஒன்று, இரண்டு என எண்ணுவாள். எத்தனை எண்ணும்வரை கை தாங்குகிறதோ அதைக்கொண்டு எது வேகும் எது கருகும் என அறிவாள். விரைவிற் குறைந்தால் இன்னுஞ் சற்று ஆறட்டும் என விடுவாள். இந்த எண்ணிக்கை எந்தச் சமையல் நூலிலும் முழுமையாக எழுத முடியாதது. தாயின் கையிலிருந்து மகளின் கைக்குச் சென்றது அது.

பின்னர் நீண்ட பிடியுடைய மரத்துடுப்பினால் பண்டங்களை உள்ளே தள்ளுவர். அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. விடிய விடிய வேகவேண்டிய கபிலநிறப் பாணும், பயற்றுப் பானையும், சோளமாக் களியும் ஆழத்திலே போகும். விரைவில் வெந்து வெளியே வரவேண்டிய 'பை' என்னும் பழப்பணியாரம் வாயருகே இருக்கும். கதவை மூடிவிட்டால் பிறகு விறகும் வேண்டாம், ஊதுகுழலும் வேண்டாம், காவலும் வேண்டாம். ஏறிய வெப்பம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வேலையைச் செய்யும். பொழுது சாய்ந்து ஓய்வுநாள் பிறந்தபின், வீட்டிலே அனைவரும் கைகட்டி அமர்ந்திருக்கையிலும் போறணை மட்டும் சமைத்துக்கொண்டிருந்தது. கட்டளை மனிதரையும் மாட்டையும் தடுத்ததே யன்றிச் செங்கல்லைத் தடுக்கவில்லை!

அந்தப் பாண் எளியது, ஏழ்மையிற் பிறந்தது. இங்கிலாந்திலிருந்து வந்தவர் கோதுமையையே விரும்பினர். ஆனால் 1660களில் துருநோய் மசச்சூசெற்ஸ் கோதுமைப் பயிரைக் கெடுத்தது. எனவே 'றை' என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின் மாவையும், அந்நாட்டுப் பழங்குடியினரிடமிருந்து பயிரிடக் கற்ற சோளத்தின் மாவையும் கலந்தனர். சோளமா கோதுமைபோல் இழுபட்டு உப்பாது. ஆதலால் அப்பாண் கனத்தது, ஈரமுடையது, தடித்த மேலோடு கொண்டது. நீண்ட நேரம் மெதுவான வெப்பத்தில் கிடந்தால்தான் உள்ளே வேகும். தணிந்துவரும் போறணையும் இந்தக் கனத்த மாவும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைந்துவிட்டன. பாணின் அடியிலே சிலர் கோவா இலையையோ ஓக் மரத்து இலையையோ பரப்புவர். இலையுதிர் காலத்திலே சிறுவர் ஓக் இலைகளைப் பொறுக்கிக் குச்சிகளிலே கோத்து வீட்டுக்குக் கொண்டுவருவர். இலையிலே பணியாரம் அவிக்கும் நாட்டவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

பானைக்குள் இருந்தது சிறிய வெள்ளைப் போஞ்சி விதை. வெள்ளி இரவு ஊறவைத்து, சனி காலையில் சற்று அவித்து, உப்பிட்ட பன்றியிறைச்சித் துண்டு ஒன்றைப் புதைத்து, நீர் ஊற்றி மூடிவைப்பர். பின்னாளில் கருஞ்சர்க்கரைப் பாகும் சேர்ந்தது. சனி இரவு அதுவே உணவு. ஞாயிறு காலையிலும் அதுவே, போறணையின் மிச்ச வெப்பத்தோடு. மீதியைத் திங்களன்றும் உண்டனர். ஏனெனில் திங்கள் துணிதுவைக்கும் நாள். அன்றும் சமைக்க வீட்டுக்காரிக்குக் கை ஒழியாது. 1829இல் பொஸ்ரன் நகரில் வெளியான லிடியா மரியா சைல்டின் சிக்கன இல்லத்தரசியர்க்கான நூலில் இந்தப் போஞ்சியும் கபிலப் பாணும் இடம்பெற்றன. பூவர் குழுவினரின் தாய்மார்க்கு அந்நூல் வேண்டியிருந்திராது.

ஞாயிறு முழுவதும் கோயிலிலே. காலையில் ஒரு வழிபாடு, பிற்பகலில் ஒரு வழிபாடு. கோயிலில் தீயில்லை. பொஸ்ரன் நீதிபதி சாமுவேல் சூவல், 1686 சனவரியில் ஒரு ஞாயிறன்று நற்கருணைப் பாண் உறைந்து கல்லாகித் தட்டிலே கலகலத்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தொலைவிலிருந்து வந்த குடும்பத்தார் இரு வழிபாட்டுக்குமிடையில் அருகேயுள்ள சிறு குடிசையில் தீமூட்டிக் குளிர்காய்ந்து, சனியன்று சுட்ட பாணையும் பாற்கட்டியையும் உண்டனர். அந்தக் கட்டுச்சோறு இல்லையேல் பிற்பகல் பிரசங்கமும் இல்லை.

பயணத் தடையிலிருந்து பெரியோரும் தப்பவில்லை. 1789 நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் நியூ இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திரும்புகையில், கொனெக்ரிக்கட்டில் ஓர் ஊரிலே ஞாயிறு குறுக்கிட்டது. அந்நாளில் பயணஞ்செய்வது அம்மாநிலச் சட்டத்துக்கும் மக்கள் மனத்துக்கும் ஒவ்வாது என்பதால் அவர் விடுதியிலேயே தங்கினார். விடுதி நல்லதன்று என்றும், கோயிலில் கேட்ட பிரசங்கங்கள் நொண்டியடித்தன என்றும் அவருடைய நாட்குறிப்பு முணுமுணுக்கின்றது. குதிரைகளுக்கு ஓய்வு தேவைப்பட்டதையும் அது குறிக்கத் தவறவில்லை.

இவ்வளவிலும் அடுக்களைப் பெண்ணுக்குக் கிடைத்தது என்ன? சனிக்கிழமை விடியுமுன் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் இரண்டு நாள் உணவு, பிள்ளைகளின் குளிப்பு, ஞாயிற்றுடை, விறகு, நீர் ஆகிய அனைத்தையும் அவள் முடித்தாள். அந்தி நெருங்க நெருங்க அவள் கால்கள் விரைந்தன. ஞாயிறன்று மாடு கறத்தலும் நோயாளரைப் பேணலும் தேவையான பணிகளாக ஒப்புக்கொள்ளப்பட்டன. அவையும் பெரும்பாலும் அவள் தலையிலேயே. ஆயினும் தைத்தல், நூற்றல், நெய்தல், வெண்ணெய் கடைதல் என்னும் முடிவில்லாப் பணிகளிலிருந்து வாரத்திலே ஒரு நாள் அவளைச் சட்டப்படி விடுவித்தது அந்த ஓய்வுநாளே. கணவனும் அவளை ஏவ முடியாத நாள் அது. ஞாயிறு மாலை கதிரவன் மறைந்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டு வெளியே ஓடினர். அவள் பின்னலூசியைக் கையில் எடுத்தாள்.

பானைக்குள் சேர்ந்த அந்தக் கருஞ்சர்க்கரைப் பாகின் கதை கசப்பானது. அது மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அங்கே ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் கரும்பை வெட்டிக் காய்ச்சினர். நியூ இங்கிலாந்து வணிகர், விற்பனைக்குத் தாழ்ந்த தரமான உப்புக் கருவாட்டை அவர்களுக்கு உணவாக அனுப்பி, பதிலுக்குப் பாகை ஏற்றிவந்தனர். பாகில் ஒரு பகுதி பானைக்குப் போயிற்று; பெரும்பகுதி றம் வடிக்கப் போயிற்று. அத்தீவுகளிலும் ஞாயிறு இருந்தது. ஆனால் அடிமைக்கு அது ஓய்வுநாள் அன்று. தன் வயிற்றுக்கான கிழங்கைத் தன் சிறு நிலத்தில் நட்டுக் கிண்டவும், சந்தைக்குச் சுமந்து விற்கவும் வாரத்தில் அவனுக்கு விடப்பட்டிருந்த நாள் அதுவே. 1831இல் அன்ரிகுவாத் தீவில் ஞாயிற்றுச் சந்தையை மதத்தின் பெயரால் நிறுத்தினர். அதற்கு ஈடாக வேறொரு நாளைக் கொடுக்கவில்லை. அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கரும்புத் தோட்டங்கள் தீப்பற்றின. ஓய்வுநாளைக் காக்க வந்த சட்டத்தை எதிர்த்து ஓய்வே அறியாதவர் எழுந்த அந்நிகழ்ச்சியை, பியூரிட்டன் வரலாற்றை எழுதுவோர் ஏனோ அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. உறைந்த பாணைப் பற்றி எழுதிய சூவலே 1700இல் அடிமை விற்பனையைக் கண்டித்துச் சிறு நூலொன்றை வெளியிட்டார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வதே நீதி. அவர் ஊரார் அதற்குப் பெரிதாகச் செவிகொடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு போறணையை அணைத்தது. இரும்படுப்பு வீடுகளுக்கு வந்தது. பாணைத் தகரப் பாத்திரத்தில் அடைத்து நீராவியில் அவிக்கத் தொடங்கினர். லோவெல் போன்ற நகரங்களில் எழுந்த துணியாலைகள் நாட்டுப்புறப் பெண்களை வேலைக்கு அழைத்தன. அங்கே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கும் மேலாக, வாரத்தில் ஆறு நாள் வேலை. ஞாயிறு வழிபாட்டுக்கு வழக்கமாகச் செல்லாதவரை வேலைக்குக் கொள்ளோம் என்று ஆலை விதி கூறிற்று. ஆனால் சனிக்கிழமையும் மணியோசைக்கு ஆலைக்குள் நிற்பவள் எந்தப் போறணையை மூட்டுவாள்? முதல்நாளைப் பறித்துக்கொண்டு ஓய்வுநாளை மட்டும் கொடுத்த ஏற்பாடு அது. நகரங்களில் பேக்கரிக்காரர் அவ்விடத்தை நிரப்பினர். சனி காலையில் வீடுவீடாகச் சென்று போஞ்சிப் பானைகளை வாங்கித் தம் பெரும் போறணையில் வைத்து, சனி மாலையிலோ ஞாயிறு காலையிலோ கபிலப் பாணோடு திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தனர். குடும்பங்கள் ஓய்ந்திருக்க, பேக்கரித் தொழிலாளி இரவெல்லாம் விழித்திருந்தான்.

ஞாயிற்றுச் சட்டம் மட்டும் ஏட்டில் நின்றது. மசச்சூசெற்ஸிலுள்ள ஸ்பிறிங்பீல்ட் நகரில் யூதருக்கான உணவுக்கடை ஒன்று, வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை தன் சமயவிதிப்படி மூடியிருந்து, ஞாயிறன்று திறந்தது. சட்டம் குறுக்கே வந்தது. சனியையும் ஞாயிறையும் இழந்தால் வணிகம் எப்படி நடக்கும் என்று கடைக்காரர் வழக்காடினர். கீழ்மன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1961 மே 29இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஞாயிற்றுச் சட்டம் இப்போது சமயத்துக்காகவன்று, எல்லார்க்கும் பொதுவான ஓய்வுக்காகவே நிற்கின்றது எனக் கூறி அதனை நிலைநாட்டியது. நீதிபதிகள் மூவர் இதற்கு இணங்கவில்லை. அக்கடையில் இறைச்சி வாங்கிய குடும்பங்களின் வழக்கத்திலும் ஒரு பானை இருந்தது என்பதை இங்கே நினைக்கலாம். வெள்ளி மாலை பொழுது சாயுமுன் அவரையும் தானியமும் இறைச்சியும் இட்டுப் போறணையில் மூடிவைத்து, மறுநாள் நெருப்பைத் தொடாமல் எடுத்துண்ணும் பானை அது. ஒரே கட்டளை இரு அடுக்களைகளிலும் ஒரே வகைப் பானையை வைத்தது. சட்டமன்றத்தில் மட்டும் அவை இரண்டும் பகையாயின.

1983இல் மசச்சூசெற்ஸ் மாநிலம் ஞாயிறு நண்பகலுக்குப்பின் கடைகளைத் திறக்க இடமளித்தது. 1993இல் அதே மாநிலம் அந்தச் சிறு வெள்ளைப் போஞ்சி விதையைத் தன் அரசுச் சின்னங்களில் ஒன்றாகச் சட்டமியற்றி ஏற்றுக்கொண்டது. அதற்கு வடக்கேயுள்ள மெயின் மாநிலத்துச் சிற்றூர்க் கோயில்களில் இன்றும் ஊரார் கூடிப் போஞ்சி விருந்து உண்கின்றனர். மண்டபத்தில் நீண்ட மேசைகள், கறுத்த மண்பானைகள், துண்டுபோட்ட கபிலப் பாண். மறுநாள் கடைகள் திறந்திருக்கும், பலர் வேலைக்கும் போவார்கள். விருந்து நடப்பது சனிக்கிழமை மாலையிலேயே.